தண்ணி இறங்கினா தெரியும் சேதி!

பிள்ளையாருக்கு மாலை கட்டிப் போடுறோமே அருகம்புல்... அதோட இன்னொரு முகம் தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்? சீனாவுல, யாங்சி நதிக்கரையில, இதே அருகம்புல் வருஷத்துல பல மாசம் தண்ணிக்கு அடியில முழுகிக் கிடக்குது. வெளிச்சம் கிடையாது. காத்து கிடையாது. மேல கப்பல் போயிட்டு இருக்கும். 'அவ்ளோதான், புல்லோட கதை முடிஞ்சுது'னு நாம நினைப்போம். ஆனா, தண்ணி இறங்கினதும் சேறு காயறதுக்குள்ள பச்சைப் பசேல்னு தளிர் விட்டுக்கிட்டு நிக்குது! 'அருகு போல் வேரோடி'ன்னு கல்யாண வீட்டுல சும்மாவா வாழ்த்துறாங்க?

ஆனா, இந்தக் கட்டுரையோட ஹீரோ புல் இல்லை. அது கால் ஊன்றி நிக்கிற மண். அந்த மண்ணுக்குள்ள பதுங்கி இருக்கிற ஒரு தனிமம். கெமிஸ்ட்ரி கிளாஸ்ல அதுக்குப் பேரு பாஸ்பரஸ். உங்க தாத்தாகிட்ட கேட்டா 'மணிச்சத்து'ன்னு சொல்வார். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்துன்னு உரமூட்டையில மூணு நம்பர் போட்டிருப்பாங்களே, அதுல நடு நம்பர். கதிர்ல மணி பிடிக்கணும்னா இது வேணும். அதனாலதான் அந்தப் பேரு.

வயல்ல இருக்கிற வரைக்கும் இது ரொம்ப நல்ல பிள்ளை. தண்ணிக்குள்ள இறங்கிட்டா ஆளே வேற. நாம குடிக்கிற தண்ணியையே கெடுத்துடும். வயலுக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. அணையில தண்ணி ஏறினா முழுகிப் போய், இறங்கினா வெளியே வர்ற கரை. நம்ம மணிச்சத்து எந்தப் பக்கம் சாயும்னு முடிவாகுறது அங்கேதான். அந்தக் கரையை உலகத்துலயே பெரிய அளவுல பார்க்கணும்னா யாங்சிக்குத்தான் போகணும். வாங்க!

பத்து மாடி உயரக் கரை

ஹூபே மாகாணத்துல இருக்கு 'த்ரீ கார்ஜஸ்' அணை. அதாவது மூணு பள்ளத்தாக்கு அணை. 22,500 மெகாவாட் திறனோட உலகத்துலயே பெரிய நீர்மின் நிலையம். 1994-ல வேலையை ஆரம்பிச்சாங்க. 2003 ஜூன்ல கடல் மட்டத்துல இருந்து 135 மீட்டர் உயரத்துக்கு முதல் தடவையா தண்ணி தேக்கினாங்க. 2010 அக்டோபர்ல முழுக் கொள்ளளவான 175 மீட்டரைத் தொட்டாங்க. இதுக்காக வீடு வாசலை விட்டுட்டுக் கிளம்பினவங்க சுமார் 13 லட்சம் பேர். ஃபெங்ஜியே மாதிரியான பழைய ஊர்களையே இடிச்சுத் தள்ளி, தண்ணி கெட்டுப் போகக் கூடாதேன்னு தேக்கத்தோட அடிநிலத்தைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் மூடினாங்க. குப்பை மேடு, கழிப்பறைக் குழி, சுடுகாடு எதையும் விடலை.

சரி, இப்ப ஒரு விஷயத்தைக் கவனிங்க. யாங்சியில வெள்ளம் வர்றது கோடையில. வெள்ளம் வந்தா பிடிச்சு வைக்க இடம் வேணுமில்ல? அதனால ஜூன் மாசத்துக்குள்ள தண்ணியை 145 மீட்டருக்கு இறக்கிடுவாங்க. கோடை முடிஞ்சு செப்டம்பர், அக்டோபர்ல திரும்ப 175 மீட்டர் வரைக்கும் ஏத்துவாங்க. குளிர்காலத்துல கரன்ட் எடுக்கணும், கப்பல் ஓடணும். அதனால உச்சத்துல வச்சிருந்து, அப்புறம் மெல்ல மெல்ல இறக்குவாங்க.

175-ல 145 போனா 30 மீட்டர். கிட்டத்தட்ட பத்து மாடி உயரம்! அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல நீள்ற தேக்கத்துல, ரெண்டு கரையிலயும், கிளை நதிகள் உள்ளே நுழையுற ஒவ்வொரு சந்துலயும், இந்தப் பத்து மாடி உயரத்துக்கு நிலம் முழுகி முழுகி எழுந்திரிக்குது. மொத்தமாக் கூட்டினா சுமார் 350 சதுர கிலோமீட்டர். இன்னைக்கு இருக்கிற சென்னை மாநகராட்சியில அஞ்சுல நாலு பங்குன்னு வச்சுக்கங்களேன். அவ்வளவு பெரிய நிலம், தரையும் இல்லாம தண்ணியும் இல்லாம திரிசங்கு மாதிரி நிக்குது.

இதுல ஒரு கூத்து என்னன்னா, இயற்கை போட்ட டைம்டேபிளையே தலைகீழாத் திருப்பிப் போட்டாச்சு. அணை வர்றதுக்கு முன்னாடி கோடையில வெள்ளம், குளிர்ல தண்ணி குறைவு. இப்ப குளிர்ல முழுக்கு, கோடையில காய்ச்சல். பழைய கால அட்டவணைக்குப் பழகின எத்தனையோ செடிகொடிகள் தாக்குப்பிடிக்க முடியாம அந்தக் கரையை விட்டே காணாமப் போயிடுச்சு. நம்ம அருகு மட்டும், 'நான் பார்க்காத தண்ணியா?'ன்னு நிக்குது.

தங்கம் தேடினவர் கண்டுபிடிச்ச வில்லன்

பாஸ்பரஸோட பிறப்பே கொஞ்சம் நாத்தம் பிடிச்ச கதைதான். 1669-ல ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல ஹென்னிக் பிராண்ட்னு ஒருத்தர். தங்கம் பண்ணணும்னு ஆசை. மஞ்சளா இருக்கேன்னு சிறுநீரைக் கணக்கில்லாம சேர்த்து, காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தார். தங்கம் வரலை. இருட்டுல பளபளன்னு மின்னுற ஒரு பொருள் வந்துச்சு. அதுதான் பாஸ்பரஸ். பக்கத்து வீட்டுக்காரங்க பாவம்!

நம்ம எலும்பு, பல், டி.என்.ஏ. எல்லாத்துலயும் இது இருக்கு. இது இல்லாம ஒரு செல்கூட வாழ முடியாது. இதோட ஸ்பெஷாலிட்டி என்னன்னா, நைட்ரஜன் மாதிரி இது காத்துல கலந்து ஓடிப் போகாது. வயல்ல போட்ட யூரியாவுல ஒரு பங்கு ஆவியாகி மேல போயிடும். டி.ஏ.பி.-யில இருக்கிற பாஸ்பரஸ் எங்கேயும் பறக்காது. ஒண்ணு மண்ணைப் பிடிச்சுக்கிட்டு உட்காரும், இல்லேன்னா மண்ணோடயோ தண்ணியோடயோ கீழ ஓடும். கீழ ஓடினா கடைசியில எங்கே வந்து நிக்கும்? ஏரியில, அணையில.

அங்கே வந்தா என்ன ஆகும்னு நெத்தியில அடிச்ச மாதிரி காட்டினது ஒரு கனடா ஏரி. 1973-ல டேவிட் ஷிண்ட்லர்ங்கிற விஞ்ஞானியும் அவர் டீமும் 226-ம் நம்பர் ஏரியை நடுவுல திரை போட்டு ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பக்கம் கார்பன், நைட்ரஜன். இன்னொரு பக்கம் அதே கார்பன், நைட்ரஜனோட கொஞ்சூண்டு பாஸ்பரஸ். அவ்வளவுதான் வித்தியாசம். மேல இருந்து எடுத்த போட்டோவைப் பார்த்தா ஒரு பாதி தெளிஞ்ச தண்ணி, மறுபாதி பச்சைப் பெயின்ட் கொட்டின மாதிரி! அந்த ஒரு போட்டோ பல நாட்டுச் சட்டசபைகளுக்குள்ள பேசுபொருளா ஆச்சு. துணி சோப்புத் தூள்ல பாஸ்பேட்டைக் குறைக்கச் சொல்லி சட்டம் வந்ததுல அதுக்கும் பங்கு உண்டு.

கணக்கும் எளிசுதான். பாசி தன் உடம்பைக் கட்ட 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ்னு எடுத்துக்குது. இதை 1930-கள்ல ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டுங்கிறவர் கடல் தண்ணியை ஆராய்ஞ்சு சொன்னார். அதைக் கிராமுக்கு மாத்திப் பார்த்தா, 1 கிராம் பாஸ்பரஸ் கிடைச்சாப் போதும், சுமார் 100 கிராம் உலர்ந்த பாசி உருவாக முடியும். ஈரத்தோட நிறுத்தா அதுக்கு மேல பல மடங்கு. ஆக, மத்ததெல்லாம் தாராளமா இருக்கு, பாஸ்பரஸ் மட்டும் ரேஷன்ல வருதுன்னா, பாசியோட ஆட்டத்துக்கு சுவிட்ச் அதுகிட்டதான் இருக்கு.

பாசின்னா சும்மா வழுக்குற சமாச்சாரம்னு நினைக்காதீங்க பாஸ். 'மைக்ரோசிஸ்டிஸ்'னு ஒரு நீலப்பச்சை ரகம் இருக்கு. அது சுரக்கிற விஷம் நேராக் கல்லீரலைத் தாக்கும். கொதிக்க வச்சாலும் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட விஷம் இன்னும் கெட்டியாகும். 1996-ல பிரேசில்ல கருவாருங்கிற ஊர்ல, பாசி படிஞ்ச ஒரு நீர்த்தேக்கத்துல இருந்து வந்த தண்ணியைச் சரியாச் சுத்திகரிக்காம டயாலிசிஸுக்குப் பயன்படுத்திட்டாங்க. 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் செத்துப் போனாங்க. 2014 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல டோலிடோ நகரத்துல ஏரித் தண்ணியில இதே விஷம் கலந்து, சுமார் 5 லட்சம் பேருக்கு 'குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்க, காய்ச்சியும் குடிக்காதீங்க'ன்னு ரெண்டு மூணு நாள் தடை போட்டாங்க. பணக்கார நாட்டுக்கே அந்தக் கதி.

பூட்டு... சாவி... இரும்பு!

இப்ப நம்ம கரைக்கு வருவோம். இங்கேதான் கெமிஸ்ட்ரி களைகட்டுது. அரியர் வச்சிருக்கிறவங்களும் தைரியமா உள்ளே வரலாம்.

மண்ணுல பாஸ்பரஸ் சும்மா உதிரியாக் கிடக்கிறதில்லை. ஒரு பகுதி இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோட ஒட்டிக்கிட்டு இருக்கும். இன்னொரு பகுதி கால்சியத்தோட கைகோத்துக்கிட்டு இருக்கும். மிச்சம், மக்கின இலைதழை, நுண்ணுயிர் உடம்புல இருக்கும். மொத்தமா எவ்வளவு இருக்குங்கிறதைவிட, யாரோட ஒட்டிக்கிட்டு இருக்குங்கிறதுதான் மேட்டர். கால்சியத்தோட இருந்தா பெருசா பயமில்லை. தண்ணி ஏறினாலும் இறங்கினாலும் அசையாது. யாங்சிக் கரையில நிறைய இடத்துல இருக்கிற ஊதா நிற மண்ணுல சுண்ணாம்பு ஜாஸ்தி. அந்த அளவுக்கு அது அதிர்ஷ்டம்தான். பிரச்னை பண்றது இரும்போட கூட்டணி.

காத்து படுற மண்ணுல இரும்பு துருவா இருக்கும். 'ஃபெரிக்' நிலை. பாஸ்பேட்டை விடாப்பிடியாப் பிடிச்சு வச்சுக்கும். தண்ணி ஏறி மண்ணை மூடிடுச்சுன்னா, உள்ளே இருக்கிற ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சில நாள்லயே தீர்த்துடும். அப்புறம் சுவாசிக்க என்ன பண்றது? நைட்ரேட் இருந்தா அது, அடுத்து மாங்கனீஸ், அதுவும் தீர்ந்தா இரும்பு. ஃபெரிக் இரும்பு எலெக்ட்ரானை வாங்கிக்கிட்டு 'ஃபெரஸ்' ஆயிடும். ஃபெரஸ் தண்ணியில கரைஞ்சு போற ஆளு. பூட்டே கரைஞ்சா உள்ளே இருக்கிறவன் சும்மா இருப்பானா? பாஸ்பேட் விடுதலை! 1940-களின் ஆரம்பத்துல இங்கிலாந்து ஏரிகள்ல கிளிஃபோர்டு மார்டிமர் இதை விலாவாரியா அளந்து எழுதி வச்சார். இன்னைக்கு வரைக்கும் பாடம் அதுதான்.

இது ஏதோ சீனா, இங்கிலாந்து சமாச்சாரம்னு நினைச்சீங்கன்னா, தஞ்சாவூர்க்காரங்க சிரிப்பாங்க. நெல் வயல்ல தண்ணி கட்டி வச்சதும் நடக்கிறது அச்சு அசல் இதேதான். நிலத்துல பூட்டிக் கிடந்த மணிச்சத்து தண்ணி நின்னதும் இளகிப் பயிருக்குக் கிடைக்குது. அதனாலதான் புஞ்சைப் பயிர் ஏங்கித் தவிக்கிற அதே மண்ணுல நெல்லு ஓரளவு சமாளிச்சுக்குது. நாத்து வேரைப் பிடுங்கிப் பாருங்க, வேரைச் சுத்தி செம்பழுப்பா ஒரு துருப் படலம் இருக்கும். வேர் விடுற ஆக்சிஜன்ல இரும்பு திரும்பத் துருவான அடையாளம். வயல்ல இது வரம். அணையில சாபம். விஷயம் ஒண்ணுதான், இடம்தான் வேற.

சரி, தண்ணி இறங்கி மண் காய்ஞ்சா? இரும்பு திரும்பத் துருவாகும், பாஸ்பேட்டைப் பிடிச்சுக்கும், சுபம்... அப்படின்னு முடிச்சிடலாம்னு பார்த்தா, மண்ணு அவ்வளவு லேசுல விடாது. கொஞ்சமாக் காய்ஞ்சா நீங்க சொல்றது சரி. புதுசா உண்டாகுற துரு பஞ்சு மாதிரி, நிறையப் பிடிச்சுக்கும். ஆனா, மாசக்கணக்குல வெயில்ல வறுபட்டா அந்தத் துரு இறுகிப் படிகமாயிடும். படிகத்துக்குப் புறப்பரப்பு கம்மி. பிடிச்சு வைக்கிற சக்தியும் கம்மி.

இன்னொண்ணு. மண்ணுல கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்குல்ல? வெயில்ல நிறைய செத்துப் போகும். மிச்சம் உடம்பைக் கெட்டிப்படுத்திக்கிட்டுத் தாக்குப்பிடிக்கும். திடீர்னு தண்ணி வந்தா, அந்தச் செல்கள் தண்ணியை வேகமா உறிஞ்சி, பலூன் மாதிரி வெடிச்சிடும். உள்ளே இருந்த பாஸ்பரஸ் அப்படியே வெளியே! காய்ஞ்ச மண்ணுல முதல் தண்ணி படும்போது ஒரு 'டோஸ்' மணிச்சத்து குபீர்னு கிளம்புறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால, நிரந்தரமா முழுகிக் கிடக்கிற மண்ணைவிட, நிரந்தரமாக் காய்ஞ்சு கிடக்கிற மண்ணைவிட, ரெண்டுக்கும் நடுவுல ஊஞ்சலாடுற மண்ணுதான் கணிக்க முடியாத ஆசாமி.

எவ்வளவு வெளியே வந்தா ஆபத்து? ஒரு மனக்கணக்கு. ஒரு கிலோ மண்ணுல 600 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்குன்னு வச்சுக்கங்க. சாதாரண அளவுதான் இது. அதுல நூத்துல ஒரு பங்கு மட்டும், அதாவது 6 மில்லிகிராம், கரைஞ்சு வெளியே வருது. ஒரு லிட்டர் தண்ணியில 0.03 மில்லிகிராம் பக்கம் வந்தாலே பாசி பெருக ஆரம்பிக்கிற கட்டத்துல ஏரி இருக்குன்னு அர்த்தம். 6-ஐ 0.03-ஆல வகுத்தா 200. ஒரு கிலோ மண்ணு 200 லிட்டர் தண்ணியை 'பாசி ரெடி' ஆக்க முடியும். இப்ப 350 சதுர கிலோமீட்டரை நினைச்சுப் பாருங்க. தலை சுத்துதா?

புல்லுதான் பம்ப்பு

மறுபடி அருகம்புல்லுக்கு வருவோம். கோடையில கரை வெளியே வந்ததும் புல்லு மண்டுது. மண்ணுல இருக்கிற மணிச்சத்தை வேரால உறிஞ்சி இலையில, தண்டுல சேர்த்துக்குது. மண்ணரிப்பையும் தடுக்குது. சூப்பர்! ஆனா, அக்டோபர்ல தண்ணி ஏறும்போது இந்தப் பச்சை எல்லாம் முழுகிடும். அருகோட வேரும் தண்டும் உயிரைப் பிடிச்சு வச்சிருந்தாலும், இலை அழுகும். மருளூமத்தை மாதிரியான ஒரு வருஷச் செடிகள் மொத்தமா அழுகும். கோடை முழுக்க மண்ணுல இருந்து இழுத்த மணிச்சத்து, குளிர்காலத்துல தண்ணிக்குள்ள. மண்ணுக்குள்ள இருந்ததை எடுத்து அணைக்குள்ள ஊத்துற பம்ப்பு செட்டு மாதிரி ஆயிடுது.

'அப்ப தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி புல்லை அறுத்து எடுத்துட்டா?' கரெக்ட்! அங்கே ஆய்வாளர்களும் இதைச் சொல்றாங்க. அறுத்து மாட்டுக்குப் போட்டா மணிச்சத்து அணைக்குள்ள போகாம மேல வந்துடும். ஆனா, சரிவுல, சேத்துல, நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு யாரு அறுக்கிறது? அறுத்தா வேரும் பலவீனமாகி மண்ணு சரிஞ்சா என்ன பண்றது? ஒண்ணைத் தொட்டா ஒண்ணு.

இதுல மனுஷனும் இருக்கான். நல்ல நிலமெல்லாம் தண்ணிக்குள்ள போனதுக்கு அப்புறம் மேட்டுல குடியேறின விவசாயிக்கு, கோடையில வெளியே வர்ற இந்த வண்டல் கரை கண்ணை உறுத்தாதா? மக்காச்சோளம், காய்கறின்னு போட்டுடுறாங்க. உரமும் போடுறாங்க. அறுவடை முடியும், தண்ணி ஏறும், மிச்ச உரம் நேரா அணைக்குள்ள. அரசு தடுக்கப் பார்க்குது. ஆனா, நிலத்தை இழந்தவன்கிட்ட 'உன் பழைய நிலம் நாலு மாசம் வெளியே வந்திருக்கு, ஆனா தொடாதே'ன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்! என்னைக் கேட்டா, தடை மட்டும் போட்டுட்டு மாற்று வழி சொல்லாம விடுறது பாதி வேலைதான்.

மாற்று வழி சொல்லிப் பார்த்தவங்களும் இருக்காங்க. சோங்சிங் பக்கம் கைசோ பகுதியில, சோங்சிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சரிவான கரையில வரப்பு கட்டி, சின்னச் சின்னக் குட்டைகளா வெட்டினாங்க. தென்சீனாவுல மல்பெரிக் கரையும் மீன் குளமுமா வச்சுப் பிழைச்ச பழைய முறையைப் பார்த்து வந்த யோசனை. குட்டையில தாமரை மாதிரியான தண்ணிப் பயிர். உரம் கிடையாது. மேட்டுல இருந்து வழிஞ்சு வர்ற உரத் தண்ணியைக் குட்டை பிடிச்சு வச்சுக்கும், தாமரை சாப்பிடும், தண்ணி ஏறுறதுக்குள்ள விளைச்சலை எடுத்துடலாம். விவசாயிக்குக் காசு, அணைக்குக் குறைஞ்ச மணிச்சத்து. சாமர்த்தியம்ல?

ஒரு விஷயத்தையும் நேர்மையாச் சொல்லிடணும். பழி மொத்தத்தையும் கரை மண்ணு தலையில போடக் கூடாது. அணைக்குப் பக்கத்துல வந்து கலக்குற சியாங்சின்னு ஒரு கிளை நதி. 2003-ல தண்ணி தேக்கினதுக்கு அப்புறம் அங்கே வசந்த காலத்துல பாசி பெருக ஆரம்பிச்சுது. அந்த நதியோட மேல்பகுதியில பாஸ்பேட் சுரங்கமும், பாஸ்பரஸ் ரசாயன ஆலைகளும் இருக்கு. போதாக்குறைக்கு, பெரிய நதியோட சத்து நிறைஞ்ச தண்ணி அடர்த்தி வித்தியாசத்தால கிளைக்குள்ள பின்பக்கமா ஊடுருவி வருது. ஓடிக்கிட்டு இருந்த நதி தேங்கி நின்னதுதான் எல்லாத்துக்கும் மேல. ஓடுற தண்ணியில பாசிக்கு உட்கார நேரம் இல்லை. நின்ன தண்ணியில பாய் விரிச்சுப் படுத்துடும். கரை மண்ணு இந்தக் கூட்டத்துல ஒரு ஆளு. வெளியில இருந்து வர்ற சாக்கடையை நிறுத்தின பிறகும் பல வருஷம் உள்ளே இருந்தே கசியுற ஆளுங்கிறதுதான் அதோட தனித்தன்மை.

நம்ம மேட்டூர் பக்கம் திரும்பலாமா?

பேப்பர்ல தினமும் ஒரு மூலையில 'மேட்டூர் அணை நீர்மட்டம்'னு அடிக் கணக்கு வருமே, படிச்சிருக்கீங்களா? 1934-ல திறந்த அணை. முழு உயரம் 120 அடி. அந்த நம்பர் இறங்க இறங்க பண்ணவாடி பக்கம் நந்தி சிலையும், பழைய தேவாலயத்தோட கோபுரமும் வெளியே வரும். போட்டோவோட நியூஸும் வரும். நாம 'அட'ன்னு பார்த்துட்டு சினிமாப் பக்கத்துக்குப் போயிடுவோம். நந்தியைச் சுத்தி எவ்வளவு மண்ணு வெளியே வந்திருக்குன்னு யாரும் பார்க்கிறதில்லை.

யாங்சிக்கும் காவிரிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே குளிர்ல முழுக்கு. இங்கே தென்மேற்குப் பருவமழைத் தண்ணி கர்நாடகம் வழியா வந்து சேர்ந்ததும் நிரம்பி, டெல்டா பாசனத்துக்குத் திறந்து திறந்து, கோடையில அடி தட்டும். அதாவது பங்குனி, சித்திரை வெயில் மொத்தமும் அந்தக் கரை மண்ணு மேலதான். நல்லா வறுபட்ட மண்ணுல ஆடிப் பெருக்கு சமயம் புதுத் தண்ணி ஏறுது. வெடிக்கிற பலூன் கதை ஞாபகம் இருக்கா? அதுக்கு இதைவிட நல்ல செட்டிங் கிடைக்காது. தண்ணி வத்தின இடத்துல சோளம், ராகி, கடலைன்னு விதைக்கிறவங்க இங்கேயும் இருக்காங்க. சில வருஷம் அறுக்கிறதுக்கு முன்னாடியே தண்ணி ஏறிப் பயிர் முழுகிடும். அந்த வருஷம் விதை, உரம், உழைப்பு மூணும் அணைக்குள்ள.

அண்மை வருஷங்கள்ல மேட்டூர்ல தண்ணி பச்சையாத் திரண்டு நாத்தம் அடிக்குதுன்னு கரையோர மக்கள் புகார் சொன்னதும், பாசியைக் கரைக்க நுண்ணுயிர்க் கலவை தெளிச்சதும் செய்தியில வந்தது. தெளிக்கிறது காய்ச்சலுக்கு மாத்திரை மாதிரி. மணிச்சத்து எங்கே இருந்து எவ்வளவு வருதுன்னு அளந்தாத்தான் வியாதி தெரியும். ஊர்ச் சாக்கடையா, மேல்பகுதி வயலா, ஆலையா, கரை மண்ணா? அளக்காம யாரையும் கைகாட்ட முடியாது.

நம்ம ஊர்ல பழைய வைத்தியம் ஒண்ணு இருக்கு. ஏரி வத்தினதும் வண்டலை வெட்டி வண்டி வண்டியா வயல்ல கொட்டுறது. இதை வெறும் தூர் வாருறதுன்னு நினைக்கிறோம். பாஸ்பரஸ் கணக்குல பார்த்தா, மழையில வயலை விட்டு ஓடிப் போன மணிச்சத்தைக் கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற வேலை அது! மண்ணுல சத்தைத் தூக்கிட்டு வர்றது நுண்ணிய களித்துகள்தான். தேங்கின தண்ணியில படியுறதும் அதுதான். விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமா எடுத்துக்க அரசு இப்ப அனுமதியும் தருது. ஆலைக் கழிவு சேர்ற ஏரியா இருந்தா மட்டும் கன உலோகம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிட்டு எடுக்கணும்.

புராஜெக்ட் தேடுறீங்களா?

பி.எஸ்சி., எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, ஜுவாலஜி, பாட்டனி, அக்ரி, சிவில் இன்ஜினீயரிங்... யாரா இருந்தாலும் இதுல கை வைக்கலாம். செலவும் கம்மி. உங்க ஊருக்குப் பக்கத்துல எந்த அணை, எந்தப் பெரிய ஏரி இருக்கோ, அதுவே லேப்.

சும்மா விளையாட்டாப் பார்க்கணும்னா ரெண்டு கண்ணாடி ஜாடி போதும். ரெண்டுலயும் ஏரி வண்டலோ வயல் மண்ணோ ஒரே அளவு போட்டு, ஒரே அளவு தண்ணி ஊத்துங்க. ஒண்ணுல மீன் தொட்டிக்குப் போடுற காத்து பம்ப்பை விடுங்க. இன்னொண்ணை இறுக்கி மூடிடுங்க. மீன் தொட்டிக் கடையிலயே பாஸ்பேட் டெஸ்ட் கிட் கிடைக்கும். வாரம் ஒரு தடவை ரெண்டு தண்ணியையும் பாருங்க. மூடின ஜாடியில மண்ணு சாம்பல் நிறத்துக்கு மாறி, அழுகின முட்டை வாசனை எட்டிப் பார்க்கும்போது டெஸ்ட் கலர் என்ன சொல்லுதுன்னு நோட் பண்ணுங்க. ஹாஸ்டல் ரூம்ல மட்டும் மூடியைத் திறக்காதீங்க, ரூம்மேட் பகையாளி ஆயிடுவான்.

சீரியஸா செய்யணும்னா, கரையில தண்ணி ஓரம், நடுமேடு, எப்பவாவது மட்டும் முழுகுற உச்சின்னு மூணு மட்டத்துல மண்ணு எடுங்க. ஒவ்வொரு இடமும் வருஷத்துல எத்தனை நாள் முழுகி இருக்குன்னு தெரியணும். அதுக்குத்தான் பேப்பர்ல வர்ற அந்த நீர்மட்ட நம்பர்! ஒரு வருஷத்து நம்பரைக் கிராஃப் போட்டா, எந்த மட்டம் எத்தனை நாள் தண்ணிக்குள்ள இருந்ததுன்னு அப்படியே எண்ணிடலாம். மண்ணைச் சோடியம் பைகார்பனேட் கரைசல்ல அரை மணி நேரம் குலுக்கி வடிகட்டி, மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தா நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு பாஸ்பேட். காலேஜ்ல இருக்கிற கலரிமீட்டரே போதும். இதுல பயிருக்குக் கிடைக்கிற அளவு தெரியும். இரும்போட எவ்வளவு, கால்சியத்தோட எவ்வளவுன்னு பிரிக்கணும்னா, ஒரே மண்ணை வெவ்வேற கரைசல்ல வரிசையா அலசி எடுக்கிற முறை இருக்கு. அதுக்கு கைடு துணை வேணும்.

முக்கியமான ஒண்ணு. ஈரமா எடுத்த மண்ணை வழக்கம் போல மொட்டை மாடியில காய வச்சிடாதீங்க. காய்ஞ்சா இரும்பு துருப்பிடிக்கும், நுண்ணுயிர் சாகும், நீங்க அளக்கப் போறது கரை மண்ணை இல்லை, மொட்டை மாடி மண்ணை. காத்துப் புகாத பையில போட்டு, ஐஸ் பெட்டியில வச்சு, சீக்கிரமா லேபுக்குக் கொண்டு போங்க. காய்ஞ்ச மேட்டு மண்ணைத் தனியா எடுத்து, அதையும் லேப்ல நனைச்சுப் பார்த்தா அந்த முதல் தண்ணி 'டோஸ்' எவ்வளவுன்னு கையில பிடிச்சிடலாம்.

நீர்வளத் துறைகிட்ட அனுமதி வாங்கிட்டுப் போங்க. மேல காய்ஞ்ச மாதிரி தெரியுற வண்டலுக்கு அடியில இடுப்பளவு சேறு இருக்கும், காலை விட்டா சிக்கிக்கும். அதனால தனியாப் போகாதீங்க, உள்ளூர் மீனவர் ஒருத்தரைக் கூட்டிக்கங்க. மே மாசக் கடைசிக்குள்ள போயிட்டு வந்துடுங்க. தண்ணி வர ஆரம்பிச்சுட்டா, நீங்க குறிச்சு வச்சுட்டு வந்த குச்சியைக்கூடத் தேட முடியாது. அங்கே மீன் மேய்ஞ்சுக்கிட்டு இருக்கும்.